ஒரு சொல், பல நடை

மனிதன் செய்யும் செயல்களுள் நடப்பதைவிட எளியது வேறொன்று இல்லை. ஒரு வயதுக் குழந்தை, கற்பிப்பார் இல்லாமலே அதைக் கற்றுக்கொள்கிறது. ஆனால், ஆங்கிலம் வழங்கும் நாடுகளிலே அந்த எளிய செயலுக்கு இட்டிருக்கும் பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். வீட்டைவிட்டுக் கிளம்பி வெளியிலே நடந்து வருவதற்கு ‘வாக்’ என்பார் ஒருவர். ‘ஹைக்’ என்பார் மற்றொருவர். ‘ராம்பிள்’ என்றும் ‘டிராம்ப்’ என்றும் ‘டிரெக்’ என்றும் சொல்வாரும் உளர். அகராதியைப் புரட்டுகிறவர், இவையெல்லாம் நடத்தல்தானே என்று எண்ணி அடுத்த பக்கத்துக்குப் போய்விடக்கூடும். அப்படிப் போய்விடுவதில் உள்ள இடர் என்ன என்பதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இச்சொற்களுள் இப்போது எங்கும் பரவியிருக்கும் ‘ஹைக்’ என்பதைத் தலைமையாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதன் சுற்றத்தாராகக் கருதிப் பார்ப்போம்.

இச்சொல்லின் குலம் கோத்திரம் தெளிவுபடவில்லை என்றே சொல்நூலார் எழுதுகிறார்கள். 1809-ஆம் ஆண்டளவில், இங்கிலாந்தின் நாட்டுப்புற வழக்கில், ‘விரைந்து வலிந்து நடத்தல்’ என்னும் பொருளில் அது எழுத்திலே தலைகாட்டுகிறது. பிறந்த ஊரில் அதற்குப் பெரிய மதிப்பு இருக்கவில்லை. கடல் கடந்து அமெரிக்கா சென்ற பிறகுதான் செழித்தது. அங்கே அதற்கு ஒரே பொருள் போதவில்லை. நழுவும் காற்சட்டையை மேலே இழுத்துவிடுவதற்கும், கூலியையோ விலையையோ உயர்த்துவதற்கும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அச்சொல் அமெரிக்கரிடையே வழங்கலாயிற்று. வழியிலே போகும் வண்டியை மறித்து ஏறிக்கொண்டு கூலியின்றிப் பயணம் செய்வதற்கு ‘ஹிட்ச் ஹைக்’ என்று பெயர் வந்தது. அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில், ஆட்டத்தைத் தொடங்கப் பந்தைப் பின்னுக்குக் கொடுப்பதும் ‘ஹைக்’. பாய்மரப் படகு ஒருபுறம் சாயும்போது, அதை நிமிர்த்துவதற்காக மறுபுறத்து விளிம்புக்கு வெளியே உடலைச் சாய்த்துத் தொங்குவதும் ‘ஹைக்’. ஒருவனைப் பார்த்து, ‘போய் ஒரு ஹைக் எடு’ என்று அமெரிக்கர் சொன்னால், அது உடல்நலத்துக்கான அறிவுரை அன்று. ‘என் கண்முன் நில்லாதே, போ’ என்பதே அதன் கருத்து.

நான் ஆங்கிலம் கற்பிக்கும் தொழிலில் இருப்பவன். மாணவர் ஒருவர் ஆங்கில நாளிதழின் இரண்டு பக்கங்களை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஒரு பக்கத்தில் எரிபொருள் விலையின் ‘ஹைக்’ பற்றிய செய்தி. மறுபக்கத்தில் சாரணச் சிறுவர்கள் ‘ஹைக்’ சென்று வந்த செய்தி. “விலையும் சாரணரோடு சேர்ந்து மலை ஏறுகிறதா, ஐயா?” என்று அவர் கேட்டார். நகைச்சுவையாகக் கேட்டாலும், நியாயமான கேள்வி. நம் நாட்டில் இச்சொல்லின் விலைப்பொருளே மேலோங்கி நிற்கிறது. அலுவலகங்களிலே பணிபுரியும் இளைஞர்கள், ‘இவ்வாண்டு எனக்கு நல்ல ஹைக்’ என்று ஊதிய உயர்வைக் குறிக்கிறார்கள். ஊதியம் என்ற சொல்லைச் சேர்க்காமல் இப்படிச் சொன்னால், கேட்கும் ஆங்கிலேயர், இவர் எந்த மலைக்குப் போய் வந்தார் என்றுதான் வியப்பார்.

நடையைக் குறித்த சொல் பணத்தைக் குறிக்க வருவது நமக்கு ஒன்றும் புதிதன்று. ‘செலவு’ என்ற நம்முடைய சொல்லை எண்ணிப் பாருங்கள். செல்லுதல் என்பதிலிருந்து பிறந்த அச்சொல்லுக்குப் பழந்தமிழில் பயணம் என்றே பொருள். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் வாட்டம் கண்டு பயணத்தைத் தள்ளிவைப்பதைச் ‘செலவழுங்குதல்’ என்று அகப்பொருள் நூலார் குறித்தனர். இன்றோ, அவன் தேடப் போன பொருள் கையைவிட்டுப் போவதற்குத்தான் செலவு என்று பெயர். காலால் நடந்த சொற்கள் காசோடு நடக்கத் தொடங்குவது மொழிகளின் இயல்பு போலும். ஆனால் ‘ஹைக்’ என்பதில் இரண்டு பொருளும் ஒரே காலத்தில் உயிரோடு இருக்கின்றன. அதனால்தான் நம் மாணவர்கள் இடறுகிறார்கள்.

இனி, நடை என்னும் பொருளுக்கே வருவோம். இதிலேதான் நாட்டுக்கு நாடு வேறுபாடு மிகுதி.

அமெரிக்கரைப் பொறுத்தவரை ‘வாக்’ என்பது சிறிய செயல். உணவுக்குப் பின் தெருவிலே சற்று உலாவி வருவது ‘வாக்’. மண்பாதையிலே, காட்டிலோ மலையிலோ, தண்ணீரும் உணவும் எடுத்துக்கொண்டு சில மணி நேரமாவது நடந்தால்தான் அது ‘ஹைக்’. பிரிட்டனிலே இந்த அளவுகோல் செல்லாது. காலையிலே புறப்பட்டு, மழையிலும் காற்றிலும் மலைமுடி ஏறி, அந்தி சாயும்போது வீடு திரும்பும் ஓர் ஆங்கிலேயர், ‘ஒரு வாக் போய் வந்தேன்’ என்று அடக்கமாகச் சொல்லுவார். ஸ்காட்லாந்திலே 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளை முதன்முதலாக 1891-இல் பட்டியலிட்டவர் சர் ஹியூ மன்றோ என்பவர். அவர் பெயராலேயே ‘மன்றோ’ என்று வழங்கும் முடிகள் இன்றைய கணக்கில் 282. அவற்றை ஒவ்வொன்றாக ஏறி முடிப்பதை வாழ்நாள் நோன்பாகக் கொண்டவர்கள் உண்டு. அந்தக் கடுமையான பணிக்கும் அவர்கள் தரும் பெயர் ‘மலைநடை’ என்பதே. அங்கும் ‘வாக்’ என்ற சொல்லே நிற்கிறது. ஆகவே, ஆங்கிலேய நண்பர் ஒருவர் உங்களை ‘வாக்’ வரும்படி அழைத்தால், செருப்பை மாட்டிக்கொண்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். எவ்வளவு தூரம் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

அமெரிக்கர் எல்லாருமே ‘ஹைக்’ என்னும் சொல்லை விரும்பினார்கள் என்றும் எண்ண வேண்டா. அந்நாட்டின் காடுகளையும் மலைகளையும் காப்பதற்காகப் பெரிதும் உழைத்த ஜான் மியூர் என்பாருக்கு அச்சொல் பிடிக்கவில்லை என்று ஆல்பர்ட் பாமர் என்பவர் 1911-ஆம் ஆண்டு நூலொன்றில் எழுதியிருக்கிறார். மலையிலே விரைந்து தூரத்தைக் கடப்பது மரியாதையன்று. நின்று நிதானித்து வணங்கி நடக்க வேண்டும் என்பது மியூரின் கருத்து. ஆகவே ‘சான்டர்’ என்னும் மெல்ல உலாவும் சொல்லையே அவர் விரும்பினாராம். புண்ணிய பூமிக்கு யாத்திரை போனவர்களிடமிருந்து அச்சொல் பிறந்தது என்று அதற்கு ஒரு கதையும் உண்டு. தோரோவும் அதை எழுதினார். சொல்நூலார் அதை ஏற்கவில்லை. கதை பொய்யானாலும், அதனுள் இருக்கும் விருப்பம் மெய்யானது.

இங்கிலாந்துக்கே உரிய மற்றொரு சொல் ‘ராம்பிள்’. குறிப்பிட்ட இலக்கில்லாமல் மனம்போன போக்கிலே வயல்வெளிகளில் சுற்றிவருவது அது. தலையும் காலும் இல்லாமல் பேசிக்கொண்டே போவதற்கும் அதுவே பெயர். வானொலியில் பேசுகிற என் போன்றவர்கள் அஞ்ச வேண்டிய சொல். ஆனால் கேட்பதற்கு இத்தனை மென்மையான இச்சொல்லின் பின்னே ஒரு போராட்டமே நடந்திருக்கிறது.

மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆகிய தொழில் நகரங்களுக்கு இடையே ‘பீக் டிஸ்ட்ரிக்ட்’ என்னும் மலைநாடு இருக்கிறது. ஆறு நாளும் ஆலைப் புகையிலே வெந்த தொழிலாளர்கள், ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் அந்த மேட்டு நிலத்துக்குப் போய் நல்ல காற்றைச் சுவாசிக்க விரும்பினார்கள். ஆனால் அந்த மேடுகள் பெருநிலக் கிழார்களுக்குச் சொந்தம். ஆண்டில் சில நாட்கள் காட்டுக்கோழி வேட்டையாடுவதற்காக, ஆண்டு முழுவதும் பிறரை உள்ளே விடாமல் காவலரை வைத்துக் காத்தார்கள். 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், பென்னி ராத்மன் என்னும் இருபது வயது இளைஞரின் தலைமையில், சில நூறு பேர் ஹேஃபீல்டு என்ற ஊரிலிருந்து புறப்பட்டுக் கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டின்மேல் நடந்தார்கள். காவலரோடு கைகலப்பு ஏற்பட்டது. ராத்மன் உள்ளிட்ட ஐவருக்கு, இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை கிடைத்தது. பிறர் நிலத்திலே நடப்பது அந்நாட்டுச் சட்டப்படி அப்போது தண்டனைக்குரிய குற்றமே அன்று. ஆகவே, கலகம் விளைவித்தது போன்ற குற்றங்களே அவர்கள்மேல் சாட்டப்பட்டன. வெறுமனே நடக்கப் போனவர்கள் சிறைக்குப் போனார்கள் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. முன்பு இம்முயற்சியை விரும்பாதவர்களும் இத்தண்டனையைக் கண்டு மனம் கசந்தார்கள்.

விளைவுகள் மெல்ல வந்தன. 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் பிறந்தது. முதல் தேசியப் பூங்காவாக 1951-இல் அறிவிக்கப்பட்டது, அதே பீக் டிஸ்ட்ரிக்ட்தான். 2000-ஆம் ஆண்டுச் சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள மலைமேடுகளிலும் புல்வெளிகளிலும் பொதுமக்கள் காலால் நடந்து திரியும் உரிமையை வழங்கியது. 2002-இல், அந்நிகழ்ச்சியின் எழுபதாம் ஆண்டு நிறைவின்போது, அந்த மேட்டுக்கு உரியவராயிருந்த குடும்பத்தின் டெவன்ஷர் கோமகன், தம் முன்னோர் செய்ததற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். ஆக, ‘ராம்பிள்’ என்பது அந்நாட்டிலே வெறும் பொழுதுபோக்கின் பெயர் அன்று. உரிமையின் பெயரும் ஆகும். ‘உலாவுதல்’ என்று அதை மொழிபெயர்த்தால் பொருளில் பாதி போய்விடுகிறது.

இதோடு சேர்த்து இன்னொரு சொல்லையும் நினைவில் கொள்ள வேண்டும். ‘ஃபுட்பாத்’ என்றால் நமக்குச் சாலையோர நடைபாதை. இங்கிலாந்திலே பொது ‘ஃபுட்பாத்’ என்பது ஒருவருடைய வயலின் நடுவேகூடச் செல்லலாம். ஆனால் அதன்மேல் நடக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. நிலத்துக்குரியவர் அதை அடைக்க முடியாது. நாம் ‘ஃபுட்பாத்’ என்பதை அவர்கள் ‘பேவ்மென்ட்’ என்கிறார்கள். அமெரிக்கருக்கோ ‘பேவ்மென்ட்’ என்பது வண்டி ஓடும் சாலையின் தளம். அமெரிக்காவில் ‘பேவ்மென்டிலே நட’ என்ற ஆங்கிலேயரின் அறிவுரையைப் பின்பற்றினால் வண்டியில் அடிபட நேரும்!

அமெரிக்காவிலே நெடுநடைக்கு இலக்கணமாக விளங்குவது அப்பலேச்சியன் மலைத்தொடர் வழி. பென்டன் மக்கே என்பவர் 1921-இல் கருத்தாக வெளியிட்டு, 1937-இல் முற்றுப்பெற்ற அவ்வழி, பதினான்கு மாநிலங்களூடே ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளம் செல்கிறது. அதை ஒரே மூச்சில் நடந்து முடிப்பதற்கு ‘த்ரூ ஹைக்’ என்று தனிப்பெயர். 1955-ஆம் ஆண்டு, எம்மா கேட்வுட் என்ற அறுபத்தேழு வயது மூதாட்டி, பெண்களுள் முதல்வராக அதைத் தனியே ஒரே பருவத்தில் நடந்து முடித்தார். பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். கணவனின் கொடிய அடிகளைப் பல்லாண்டு தாங்கி, பிறகு மணவிலக்குப் பெற்றவர். கூடாரம் இல்லை, மலையேறும் காலணியும் இல்லை; சாதாரணத் துணிக்காலணியும், தாமே தைத்த ஒரு பையுமே அவருடைய கருவிகள். அவர் தம் பிள்ளைகளிடம் விடைபெற்றபோது ‘ஹைக்’ என்றோ வேறு பெரிய சொல்லையோ பயன்படுத்தவில்லையாம். ‘வாக்’ போய்வருகிறேன் என்று மட்டும் சொன்னாராம். மலைமுடியிலிருந்து மலைமுடி வரை ஐந்து மாதத்துக்கு நெருங்கிய அந்த நடை முழுவதும் அந்தச் சின்னச் சொல்லுக்குள் அடங்கிவிட்டது. சொல்லின் அளவு வேறு, சொல்பவரின் நெஞ்சுரம் வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

தென்கோளத்துக்குப் போனால் பெயர்கள் மீண்டும் மாறுகின்றன. ஆஸ்திரேலியர் ‘புஷ்வாக்’ என்கிறார்கள். காட்டுநடை என்று சொல்லலாம். நியூசிலாந்தர் ‘டிராம்ப்’ என்கிறார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ‘டிராம்ப்’ என்றால் வீடு வாசலற்றுத் திரியும் ஏழை. சார்லி சாப்ளின் திரையிலே காட்டிய நாடோடி. நியூசிலாந்திலோ மருத்துவரும் வழக்கறிஞரும் தம்மை ‘டிராம்பர்’ என்று பெருமையோடு சொல்லிக்கொள்வார்கள்; வெலிங்டனிலே 1919-ஆம் ஆண்டு முதலே அதற்கென்று ஒரு கழகம் இருந்து வருகிறது.

அந்நாட்டிலே ‘பெருநடைகள்’ என்று அரசின் இயற்கைக் காப்புத் துறை பெயரிட்டுப் பேணும் வழிகள் சில உண்டு. ஆங்கிலத்தில் அவற்றின் பெயரில் இருப்பதும் ‘வாக்’ என்ற சொல்தான். அவற்றுள் புகழ்பெற்ற மில்ஃபோர்டு வழி 53.5 கிலோமீட்டர், நான்கு நாள் நடை, 1,154 மீட்டர் உயரமுள்ள கணவாயைக் கடந்து போகிறது. அவ்வழி முடியும் மில்ஃபோர்டு கடற்கழியில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது; சென்னையில் பெய்யும் மழையைப்போல் நான்கு மடங்குக்கு மேல். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ‘பெருநடை’களின் பட்டியலில் வாங்கனுயி ஆற்றுவழியும் இடம் பெற்றிருக்கிறது. அதை நடந்து கடப்பதில்லை. சிறு படகில் துடுப்புப் போட்டுக் கடக்கிறார்கள். காலே படாத நடை! பெயர்களை அப்படியே நம்புகிறவர் என்ன செய்வார்?

கடைசியாக, ‘டிரெக்’ என்ற சொல். நம் இளைஞர்களின் நாவிலே இன்று மிகுதியாகப் புழங்குவது இதுதான். டச்சு மொழியிலே இழுத்தல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது. தென்னாப்பிரிக்காவிலே குடியேறியிருந்த டச்சு வழியினர், 1830-களின் நடுவிலே, பிரிட்டிஷ் ஆட்சியை விரும்பாமல், மாட்டு வண்டிகளிலே குடும்பத்தையும் பொருளையும் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு இடம்பெயர்ந்தார்கள். அந்தப் பெரும் இடப்பெயர்ச்சிதான் இச்சொல்லை ஆங்கிலத்துக்குள் இழுத்துவந்தது. அப்போது அது துன்பப் பயணம். 1964-இல், ஜிம்மி ராபர்ட்ஸ் என்னும் ஓய்வுபெற்ற படை அலுவலர், காட்மாண்டுவில் இமய மலையடிவாரத்தில் நடத்திச் செல்வதற்காக ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அதன்பின் இச்சொல், விரும்பிப் பணம் கொடுத்துச் செய்யும் இன்பப் பயணமாக மாறிவிட்டது.

இன்பப் பயணம் என்பதிலே ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையிலே, ‘டிரெக்கிங்’ என்று போயிருந்த குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. அதன்பின் தமிழக அரசு, காட்டுவழி நடைக்குத் தனி விதிகளை வகுத்தது. வழிகள் எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை என்று பிரிக்கப்பட்டன. 2024-இல் பதினான்கு மாவட்டங்களில் நாற்பது வழிகள் இவ்வாறு வகைப்படுத்தி வெளியிடப்பட்டன. ஒரு பெயர்ச்சொல்லோடு ஓர் அடைமொழி சேர்ந்தது, அவ்வளவுதான். ஆனால், கோடையில் காய்ந்த புல் மண்டிய சரிவிலே நிற்பவருக்கு, தாம் எவ்வகை நடைக்கு வந்திருக்கிறோம் என்று முன்பே தெரிந்திருப்பது உயிர் காக்கும் செய்தி.

சொல்லின் பொருளை நீதிமன்றமும் எடை போட நேர்கிறது. தென்மேற்கு இங்கிலாந்திலுள்ள டார்ட்மூர் மேட்டிலே, காலாலோ குதிரையிலோ சென்று ‘திறந்தவெளிப் பொழுதுபோக்கு’ நாடும் உரிமையை 1985-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுமக்களுக்கு அளித்திருந்தது. நடந்து போனவர் இரவிலே கூடாரமடித்துத் தங்கினால் அதுவும் அந்தப் பொழுதுபோக்கில் அடங்குமா? நிலத்துக்குரியோர் இல்லை என்றனர். 2023 ஜனவரியில் உயர்நீதிமன்றமும் அவ்வாறே தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2025 மே மாதம் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், அடங்கும் என்று ஒருமனதாக முடிவுகட்டியது. இரண்டு மூன்று சொற்களுக்கு என்ன பொருள் என்று தீர்மானிக்க மூன்று நீதிமன்றங்கள் வேண்டியிருந்தன. ஆயிரக்கணக்கானோர் அந்த மேட்டிலே வானத்தைப் பார்த்துப் படுக்கலாமா, கூடாதா என்பது அதிலே அடங்கியிருந்தது.

நேயர்களே, இவ்வளவும் சொல்லியது ஆங்கிலச் சொற்களைக் கண்டு நீங்கள் மருள வேண்டும் என்பதற்காக அன்று. வெளியிலே நடப்பதைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு தூரம்? எத்தகைய வழி? யாருடைய நிலம்? அமெரிக்கரின் ‘ஹைக்’ முதல் இரண்டுக்கும் ஒருவாறு விடை சொல்லும். ஆங்கிலேயரின் ‘ராம்பிள்’ மூன்றாவதை நினைவூட்டும். ‘வாக்’ என்பதோ எந்தக் கேள்விக்கும் விடை சொல்லாது. சொல்கிறவர் எந்த நாட்டினர் என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பாளரும் இம்மூன்றையும் கேட்டபின் எழுதுவாரானால், உலா, நெடுநடை, மலைநடை, காட்டுநடை, பாதயாத்திரை என்று இடத்துக்கேற்ற சொல் தமிழிலே தானாக வந்து நிற்கும். நம் மொழியிலே நடைக்குப் பஞ்சமில்லை. எழுதும் பாங்குக்கே ‘நடை’ என்று பெயர் வைத்தவர்கள் நாம். எழுதுகிறவருக்கும் வழி தெரிந்திருக்க வேண்டும் என்பதை அந்தப் பெயரே சொல்லிக்கொண்டிருக்கிறது.